வராத பிள்ளையின் முழு வரவு

கச்சு முகம்மதுவிடம் யாராவது தாளும் பேனையுமாக வந்து ஒன்றைக் கேட்டால், அவர் வாயிலிருந்து முதலில் வருவது பதில் அல்ல. "ஏன் கேக்கிறீங்கள்?" என்பதுதான் வரும். டெங்கு பார்க்க வந்த சுகாதாரப் பரிசோதகர் ஒருமுறை வளவில் எத்தனை தென்னை நிற்கிறது என்று கேட்டார். தென்னையே இல்லை என்றார் இவர். அந்த மனிதர் வெயிலுக்கு ஒதுங்கி நின்றதே தென்னையின் கீழ்தான். மேலே பார்த்தார், இவரைப் பார்த்தார், ஒன்றும் எழுதாமல் போய்விட்டார். அன்று முழுவதும் கச்சு முகம்மது வழக்கில் வென்றவர் மாதிரித் திரிந்தார்.

முல்லைத்தீவு மாவட்டத்தில் மருதடிப்பிட்டி என்ற சிறிய ஊர் அவருடையது. வயது ஐம்பத்திரண்டு. தோட்டங்களில் கச்சான், அதாவது நிலக்கடலை, வாங்கி விற்பது தொழில். விடியற்காலை சுபஹு தொழுததும் மூட்டைகளோடு முதல் பஸ்ஸில் சந்தைக்குப் போனால், திரும்பி வரப் பொழுது சாய்ந்துவிடும். கெட்ட மனிதர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. நிறுவையில் ஏமாற்ற மாட்டார், அயலில் ஒரு மையித்து அடக்கம் என்றால் முதல் ஆளாக நிற்பார். ஆனால் எழுதுகிறவருக்கு மட்டும் உண்மையை முழுதாகச் சொல்ல மாட்டார். அரைவாசி சொல்வார், அதுவும் ஆள் படலையைத் தாண்டும் நேரத்தில்தான் சொல்வார்.

அந்தக் குணம் சும்மா வந்ததில்லை. தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேற வேண்டும் என்று சொல்லப்பட்டபோது அவருக்குப் பதினேழு வயது. உடுத்த உடுப்போடு புத்தளம் போய், கிடுகுக் கொட்டிலில் தொடங்கிய வாழ்க்கை இருபது வருடத்துக்கு மேல் அங்கேயே இழுபட்டது. புத்தளத்தில் வீட்டுத்திட்டத்துக்குப் பதியப் போனால், நீங்கள் முல்லைத்தீவு ஆட்கள் என்றார்கள். யுத்தம் முடிந்து முல்லைத்தீவில் பதிய வந்தால், நீங்கள் புத்தளத்தில்தானே இருக்கிறீர்கள் என்றார்கள். வாப்பாவின் காணிக்குள் காடு மண்டிக் கிடந்தது. அதை அளக்க வந்தவரிடம் எல்லாவற்றையும் வெள்ளையாகச் சொன்னார், இருபது வருடம் இந்தப் பக்கம் வரவே இல்லை என்பதையும் சேர்த்து. அதையே எழுதிக்கொண்டு போனார்கள். காணியில் பாதி காடு என்று அரசாங்கத்தோடு போயிற்று, மிச்சப் பாதிக்கு வாய்க்காலுக்கு அப்பால் ஒரு துண்டு கொடுத்தார்கள். பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும் பழைய ஊரில் இருக்க, இவர் வீடு மூன்று கிலோமீற்றர் தள்ளி விழுந்தது. தான் மட்டும் அன்று வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துக் கொதிப்பார்.

ஊர் முழுக்க இப்படித்தான், கால் இரண்டு இடத்தில். மனைவி றாபியாவும் சின்ன மகள் ஸஹ்றாவும் அவரோடு இங்கே. மூத்தவள் ஸுல்பா புத்தளத்தில் மாமி வீட்டில் நின்று படிக்கிறாள், அங்கே கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் உண்டு என்பதால். ஆனால் ஸுல்பாவின் பெயர் மருதடிப்பிட்டிப் பாடசாலையின் வரவு இடாப்பில் இருக்கிறது. அவள் பெயர் மட்டுமில்லை. பாடசாலை திரும்பத் திறந்த காலத்தில் பிள்ளைகள் போதாது, ஐம்பதுக்குக் குறைந்தால் பக்கத்துப் பாடசாலையோடு சேர்த்துவிடுவார்கள் என்ற கதை வந்தது. அப்போது திரும்பி வந்த ஒவ்வொரு குடும்பமும் புத்தளத்தில் விட்டுவந்த பிள்ளைகளின் பெயரையும் கொண்டுபோய்க் கொடுத்தது. வீடு வீடாகப் போய் அந்தப் பெயர்களைச் சேர்த்தவரே கச்சு முகம்மதுதான். இடாப்பில் ஐம்பத்தெட்டுப் பெயர், வகுப்பு வாங்கில் இருப்பது முப்பத்தொன்பது பிள்ளைகள். ஊரில் இதற்கென்றே இரண்டு சொல் புழங்கின. இங்கே இருப்பது ஆள்பிள்ளை. புத்தளத்தில் இருப்பது பேர்ப்பிள்ளை.

பாடசாலை அதிபர் பரமலிங்கத்துக்கும் இது தெரியும். நல்ல மனிதர். பேர்ப்பிள்ளைகளின் வரவை வகுப்பாசிரியரிடம் விடாமல் தன் கையாலேயே அடையாளமிடுவார். மழை, காய்ச்சல், கல்யாண வீடு எதுவும் பேர்ப்பிள்ளைகளை மறிப்பதில்லை.

இந்த நிலையில்தான் அரசாங்கத்துக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வராதது பெரிய கவலையாகியது. கல்வி வலயத்துக்கு வலயம் வரவுக் குழு அமைத்தார்கள். கஷ்டப்பட்ட குடும்பத்துப் பிள்ளை தொடர்ந்து வராவிட்டால் ஓர் உத்தியோகத்தர் வீட்டுக்கே போய்க் காரணம் கேட்டு, வேண்டிய உதவியைச் செய்து கொடுக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். உதவி என்ற சொல்லைக் கேட்டதுமே கச்சு முகம்மதுவுக்குச் சந்தேகம் பிறந்தது. தேத்தண்ணிக் கடை நாஸிமும் எண்ணெயை ஊற்றினார்.

"இண்டைக்குப் பிள்ளையை எண்ணுவினம், நாளைக்கு வீட்டை எண்ணுவினம். பிறகு பள்ளிக்கூடம் இல்லை எண்டு சொல்லுவினம்," என்றார் நாஸிம்.

அடுத்த கிழமை கடிதம் வந்தது. சேர்விலக்கம் 47 கொண்ட தங்கள் மகளின் வரவு தொடர்பாக எமது உத்தியோகத்தர் எதிர்வரும் சனிக்கிழமை தங்கள் இல்லத்துக்கு வருவார், பிள்ளையும் வீட்டில் இருத்தல் வேண்டும் என்று இருந்தது. பெயர் இல்லை. எந்த மகளின் இலக்கம் 47 என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அதிபரைக் கேட்டிருக்கலாம். கேட்டால் கேட்டதாக ஆகிவிடும் என்று இவர் விட்டுவிட்டார். அதோடு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஸஹ்றாவை றாபியா தினமும் தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டு, சாப்பாடு கட்டி அனுப்புகிறாள். இரண்டு மணிக்கு அவள் திரும்பி வந்துவிடுகிறாள். வராத பிள்ளை என்றால் அது ஸுல்பாதான். ஆகவே பிடித்துவிட்டார்கள்.

வெள்ளி மாலை ஸஹ்றாவைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். அவளுக்குப் பதின்மூன்று வயது, அக்காவின் உயரத்தை எட்டிப் பிடித்திருந்தாள்.

"நாளைக்கு ஒரு மிஸ் வருவா. நீ ஸுல்பா. தரம் பத்து. விளங்கினதா?"

"அப்ப ஸஹ்றா ஆர் வாப்பா?"

"ஸஹ்றாவை ஆரும் கேக்க மாட்டினம்."

றாபியாவுக்கு இது பிடிக்கவில்லை. அல்லாஹ்வுக்காகப் பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்காதீர்கள் என்று குசினிக்குள் அடுப்படியில் நின்றபடியே சொன்னாள். பள்ளிக்கூடத்தை மூடினால் உன்னுடைய மகள்தான் வீட்டில் இருக்க வேண்டி வரும் என்று இவர் ஒரு போடு போட்டதும் அவள் அடங்கிப்போனாள். அதோடு விடவில்லை மனிதர். அலுமாரிக்குக் கீழே கிடந்த ஸுல்பாவின் பழைய செருப்பைத் தேடியெடுத்துத் துடைத்து, வாசலில் ஸஹ்றாவின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார். ஸுல்பா இங்கேதான் இருக்கிறாள் என்பதற்கு அது சாட்சி.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஸ்கூட்டரில் ஓர் இளம் பெண் வந்து இறங்கினார். பெயர் சுமித்திரா, சொந்த இடம் பரந்தன், வரவுக் குழுவின் உத்தியோகத்தர் என்று தானாகவே சொன்னார். தானாகச் சொல்கிறவரையும் கச்சு முகம்மது நம்புவதில்லை. கதிரை போட்டார், தேத்தண்ணி கொடுத்தார், அந்தப் பெண்ணின் கண் எங்கே போகிறது என்று கவனித்துக்கொண்டே இருந்தார். அது வாசல் செருப்புகளில் ஒருமுறை நின்று நகர்ந்தது. செருப்பை எண்ணுகிறார் என்று முடிவு கட்டினார்.

பிள்ளையைக் கூப்பிடச் சொன்னார் சுமித்திரா. ஸஹ்றா முக்காட்டைச் சரிசெய்தபடி வந்து நின்றாள். பெயர் ஸுல்பா, தரம் பத்து என்று இரண்டையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தாள். சுமித்திரா சிரித்தார். மடியிலிருந்த பலகைபோன்ற கணினியில் படமும் எடுத்துக்கொண்டார்.

"ஸுல்பாவை எனக்கு இடாப்பில தெரியும். இந்த வருசம் ஒரு நாளும் தவறேல்லை. முழு வரவு. இந்தப் பக்கத்திலயிருந்து இவ்வளவு தூரம் நடந்து போற பிள்ளை, கெட்டிக்காரி," என்றார். பிறகு, முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல்லாலேயே அவரை அழைத்து மெதுவாகக் கேட்டார். "நான் வந்தது தங்கச்சியைப் பற்றி, நானா. ஸஹ்றா எங்க?"

கச்சு முகம்மது வாசலைப் பார்த்தார். பொறி எங்கே இருக்கிறது என்று இப்போது தெரிந்துவிட்டது. இரண்டு பெயர், இரண்டு சோடிச் செருப்பு, வீட்டில் ஒரு பிள்ளை. செருப்பைக் கொண்டுவந்து வைத்த தன் கையையே வெட்டலாம் போல இருந்தது. கடைக்குப் போயிருக்கிறாள் என்றார். அவசரமில்லை, வரும்வரை இருக்கிறேன் என்று சுமித்திரா கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

தென்னையில் அணில் கத்தியது. இவர் தன் கதிரையைக் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டார்.

"உண்மையைச் சொல்லுறன் மிஸ். ஸஹ்றா இப்ப இங்க இல்லை. புத்தளத்தில மாமி வீட்டில நிண்டு படிக்கிறா."

சுமித்திராவின் முகத்தில் பாரம் இறங்கியது தெரிந்தது. நாற்பத்தொரு நாள் ஒரு பிள்ளை வரவில்லை என்றதும் என்னவோ ஏதோ என்று பயந்து வந்ததாகச் சொன்னார். வேறு இடத்தில் படிக்கிறாள் என்றால் சந்தோசம், அங்கேயே சேர்ந்துவிட்டதாக எழுதி இங்கே பெயரை எடுத்துவிடலாம் என்றார். போகும்போது இன்னொன்றும் சொன்னார். தூரத்தால் நின்றுபோன பிள்ளைகளுக்காக அடுத்த மாதம் முதல் பாடசாலை பஸ் ஒன்று ஓடப்போகிறது. இந்தக் காட்டு வழியால் விடச் சொல்லி ஸஹ்றாவின் பெயரைத்தான் அவர் எழுதி வைத்திருந்தாராம். இனி அது வாய்க்கால் பாலத்தோடு திரும்பிவிடும்.

நாற்பத்தொரு நாள் என்றது கச்சு முகம்மதுவின் காதில் விழாமல் இல்லை. ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது. ஆனால் அவர் அதைத் தூண்டில் என்றுதான் எடுத்துக்கொண்டார். தினமும் போகிற பிள்ளையை வராத பிள்ளை என்றும், ஊரிலேயே இல்லாத பிள்ளைக்கு முழு வரவு என்றும் ஒருத்தி சொன்னால், அவள் வேண்டுமென்றே வாயைக் கிண்டுகிறாள் என்றல்லவா அர்த்தம்? பதறி மறுத்தால் மாட்டிக்கொள்வோம். எனவே அவர் ஓம் ஓம் என்று தலையாட்டி, படலைவரை போய் வழியனுப்பினார். முன்பு சுகாதாரப் பரிசோதகரை அனுப்பிய அதே திருப்தியோடு திரும்பி வந்தார்.

வாசலில் ஸஹ்றா நின்ற இடத்திலேயே நின்றாள். றாபியா அவளுடைய தோளைப் பிடித்திருந்தாள்.

"நாப்பத்தொரு நாள் எண்டு அவ சொன்னது பொய்யா மகள்?" என்று கேட்டாள் றாபியா.

பொய் இல்லை. பங்குனி மாதம்வரை அயல்வீட்டு அஸ்மினின் மகளும் ஸஹ்றாவும் சேர்ந்து நடந்து போனார்கள். நோன்புப் பெருநாளோடு அந்தப் பிள்ளையும் புத்தளம் போய்ப் பேர்ப்பிள்ளை ஆகிவிட்டது. தனியாகப் போன நாலாம் நாள், பாலத்துக்கு இப்பால் காட்டு ஓரத்தில் யானை நின்றதைக் கண்டாள். ஓடி வந்தவளைத் தனுஷா என்ற பெண் தன் மிளகாய்த் தோட்டத்துக் கொட்டிலில் இருத்தித் தண்ணீர் கொடுத்தாள். அதற்குப் பிறகு தைரியம் வந்த நாட்களில் பள்ளிக்கூடம் போனாள். தைரியம் வராத நாட்களில் அந்தக் கொட்டிலிலேயே இருந்து புத்தகத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். ஆசிரியருக்குச் சுகமில்லை, அதனால் வகுப்பு இல்லை என்று தனுஷாவுக்கு ஒரு கதை சொல்லி வைத்திருந்தாள். கேட்டவர்கள் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் சொன்னாள், ஒருவருக்கும் முழுதாகச் சொல்லவில்லை.

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே," என்றார் கச்சு முகம்மது.

"சொன்னா என்னையும் புத்தளத்துக்கு அனுப்பிப்போடுவீங்கள். நான் உம்மாவோட இருக்கோணும்."

அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாமல் வந்த கோபம் சுற்றிச் சுற்றித் தன்மேலேயே வந்து நின்றது. ஊர்ப் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்ற ஊரெல்லாம் பெயர் பொறுக்கியவர், தன் வீட்டில் உண்மையாகவே இருந்த ஒரே ஆள்பிள்ளையைத் தன் வாயாலேயே இடாப்பிலிருந்து வெட்டிவிட்டார்.

இரண்டு நாள் ஸஹ்றாவைச் சைக்கிளில் ஏற்றி அவரே கொண்டுபோய் விட்டார். முதல் பஸ் போய்விட்டது, சந்தையும் போய்விட்டது, தோட்டக்காரர் கச்சானை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் அதிபர் பரமலிங்கம் அவரைத் தனியே கூப்பிட்டு, ஸஹ்றாவின் பெயரை எடுக்கச் சொல்லி வலயத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது என்றார். பெயர் இல்லாத பிள்ளையை எத்தனை நாள் வகுப்பில் வைத்திருப்பது என்று கவலைப்பட்டார். இரவல் பெயர்களுக்கெல்லாம் வரவு போட்ட மனிதருக்கு, இருக்கிற பிள்ளைக்கு வரவு போட வழியில்லாமல் போனது.

மாதம் பிறந்த திங்கட்கிழமை தகப்பனும் மகளும் பாலத்தடியில் நின்று பார்த்தார்கள். பஸ் வந்தது. புதுச் சாயம் மின்னியது. பாலத்தடியில் இரண்டு பிள்ளைகளை ஏற்றியது. கச்சு முகம்மது கையைக் காட்டினார். பட்டியலில் இந்தப் பிள்ளை இல்லை, வலயத்தில் கேளுங்கோ என்று நடத்துநர் மரியாதையாகச் சொன்னார். பஸ் திரும்பியது. வெள்ளைச் சட்டையோடு ஸஹ்றா தெருவோரத்தில் நின்றாள்.

அன்றைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு பட்டினத்துக்குப் போனார். வழியில் நாஸிம் கடை வாசலில் மறித்து, விசயம் தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். ஸுல்பாவைப் பற்றி வாய் திறந்தால் மற்றப் பதினெட்டுப் பெயரும் சேர்ந்து போகும், பள்ளிக்கூடமே போகும், ஒரு பிள்ளைக்காக ஊரை வித்துப்போடாதே என்றார். கச்சு முகம்மது ஸஹ்றாவை முன்னே போகச் சொன்னார். அந்தக் கையை விடுவித்துக்கொண்டு நடந்தார். பஸ்ஸில் முழு வழியும் என்ன சொல்வது என்று யோசித்தார். எப்படிக் கூட்டிக் கழித்தாலும், ஸஹ்றா இங்கே இருக்கிறாள் என்றால் ஸுல்பா அங்கே இருக்கிறாள் என்றுதான் வந்தது.

வலயக் கல்வி அலுவலகத்தில் சுமித்திரா அவர்களை அடையாளம் கண்டு, இருக்கச் சொன்னார். கச்சு முகம்மது இருக்கவில்லை. நின்றபடியே, வாழ்க்கையில் முதல்முறையாக, எழுதுகிற ஒருவருக்கு முழுதாகச் சொன்னார். இவள்தான் ஸஹ்றா. புத்தளத்தில் இருப்பவள் ஸுல்பா. அன்றைக்கு நான் சொன்னது பொய். யானைக்குப் பயந்துதான் இவள் வரவில்லை. பஸ்ஸைக் கொஞ்சம் உள்ளே விடுங்கோ.

சுமித்திரா கணினியைத் திறந்து, அன்று எடுத்த படத்தைத் திருப்பிக் காட்டினார். படத்தில் ஸஹ்றா. கீழே ஸுல்பா என்ற பெயர், முழு வரவு.

"ஸுல்பா புத்தளத்தில எண்டால் இந்த முழு வரவு ஆருடையது?" என்று கேட்டார்.

நாஸிம் சொன்ன பதினெட்டுப் பெயரை நினைத்து, இவர் பார்வையை வேறு பக்கம் திருப்பினார்.

"அண்டைக்கு உண்மையைச் சொல்லுறன் எண்டுதான் ஒண்டு சொன்னீங்கள். இண்டைக்கும் உண்மை எண்டு வேற ஒண்டு. நான் எதை எழுதுறது நானா? பஸ் வேணுமெண்டு அக்காவையே தங்கச்சி எண்டு கொண்டு வந்திருக்கிறீங்களோ எண்டும் நான் யோசிக்கத்தானே வேணும்?"

அந்தப் பெண்ணின் குரலில் கடுமை இல்லை. ஆனால் பார்வையில் இருந்தது அவருக்கு மிகவும் பழக்கமான ஒன்று. இத்தனை வருடமும் எழுதுகிறவர்களை அவர் பார்த்த பார்வை அது. அது தன் பக்கம் திரும்பினால் இப்படித்தான் சுடும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. பிறப்புச் சான்றிதழ் கொண்டு வருகிறேன் என்றார். அதில் படம் இல்லையே என்றார் சுமித்திரா. அதுவும் சரிதான்.

பேனையை மேசையில் வைத்துவிட்டு, சுமித்திரா பிள்ளையின் பக்கம் திரும்பினார்.

"பெரியாக்கள் கதைக்கிறதை விடுவம். நீங்க சொல்லுங்கோ பிள்ளை, உங்கட பேர் என்ன?"

ஸஹ்றா வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லு மகள்," என்றார் கச்சு முகம்மது. "உன்ர பேரையே சொல்லு."

அவள் இன்னும் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், அவர் எந்தப் பெயரைச் சொல்கிறார் என்று தெரியாமல்.